விமானிகள் பழகிய நிலங்கள்

தமிழ் இலக்கணம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்தது. எந்த இடம், எந்தக் காலம் என்பது தெளிவாகாமல் அங்கு நிகழ்வது எதையும் செவ்வையாகச் சொல்ல இயலாது என்பது அதன் கருத்து. அகப்பாட்டுக்கென வகுத்த இம்முறை, ஆகாய விமானம் ஓட்டக் கற்பிக்கும் பள்ளிக்கும் பொருந்திவருவது சற்று வியப்பானதுதான். அங்கும் ஆசானையும் விமானத்தையும் பற்றிய பேச்சு பின்னால்தான் வருகிறது. நிலம் எது, பருவம் எது என்ற கேள்விகளே முன்னால் நிற்கின்றன.

நீந்தப் பழகும் சிறுவனைக் குளத்தில் முழங்காலளவு நீருள்ள படித்துறையில் இறக்கலாம். அங்கே அவன் தவறு செய்யலாம். மூச்சுத் திணறினால் காலை ஊன்றி எழுந்து நிற்கலாம். வானத்துக்கு அத்தகைய படித்துறை கிடையாது. சக்கரம் தரையை விட்ட கணமே மாணவன் ஆழத்தில் இருக்கிறான். ஆகவே அந்த ஆழமற்ற துறையை மண்ணிலும் காற்றிலும் பருவத்திலும் தேட வேண்டியதாயிற்று. 1900-ஆம் ஆண்டு தொடங்கிய அந்தத் தேடலில் இடத்தைச் சரியாகக் கண்டவர்களும் உண்டு. தவறாகக் கண்டு, மூட்டை கட்டிக்கொண்டு வேறிடம் போனவர்களும் உண்டு.

மணலைத் தேடிய சகோதரர்கள்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்திவந்த வில்பர் ரைட், ஆர்வில் ரைட் என்னும் உடன்பிறந்தார் இருவருக்கும் ஆசான் என்று எவரும் இல்லை. அவர்களுக்கு முன் கிளைடர் எனப்படும் எஞ்சினில்லா விமானத்தில் பறந்து பழகிய ஜெர்மானியர் ஓட்டோ லிலியெந்தால் 1896-இல் வீழ்ந்து மாண்டுபோனார். ஐந்தாண்டுக் காலத்தில் அவர் காற்றில் கழித்த நேரத்தை எல்லாம் கூட்டினாலும் ஏறத்தாழ ஐந்து மணி நேரமே தேறும் என்று வில்பர் கணக்கிட்டார். ஐந்து மணி நேரம் மட்டுமே சைக்கிள் பழகிய ஒருவனை நெரிசலான தெருவில் விடுவது எத்தகையதோ, அத்தகையதே அது. பறக்கும் பொறியை அமைப்பது பாதி வேலை. அதை ஓட்டிப் பழகுவது மறுபாதி. பழக்கத்துக்கோ நேரம் வேண்டும். நேரம் கிடைக்க இடம் வேண்டும்.

அவர்கள் வகுத்த வழி எளியது. காற்று ஒரே சீராக எதிர்முகமாக வீசினால், கிளைடர் தரையைப் பொறுத்தவரை மெல்ல நகரும். ஏறக்குறைய நின்ற இடத்திலேயே மிதக்கும். தரைக்கு அருகில் நெடுநேரம் இருக்கலாம். வீழ்ந்தால் வீழ்ச்சி சிறிது. அந்த வீழ்ச்சியையும் தாங்கிக்கொள்ள அடியில் மென்மையான மணல் இருந்துவிட்டால், அதுவே வானத்தின் படித்துறை.

1900-இல் வில்பர், முதிய பொறியாளர் ஆக்டேவ் ஷனூட்டுக்குக் கடிதம் எழுதி இடம் கேட்டார். கலிபோர்னியாவிலும் புளோரிடாவிலும் கடற்காற்று சீராக வீசும் இடங்கள் உண்டு. ஆனால் அங்கே மணற்குன்றுகள் இல்லை. அட்லாண்டிக் கரையில் தேடுவது நலம் என்று அவர் பதிலளித்தார். அமெரிக்க வானிலை அலுவலகத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட நிலையங்களின் காற்று வேகப் பட்டியல்கள் வந்தன. வட கரோலினாவின் கடலோர மணல்திட்டில் உள்ள கிட்டி ஹாக் என்னும் சிற்றூர் அப்பட்டியலில் முதலாவது அன்று. காற்று ஒன்றே போதுமென்றால் வேறு ஊர்களுக்குப் போயிருக்கலாம். கிட்டி ஹாக் நிலையத்துக்கு எழுதிய கடிதத்துக்கு அங்கிருந்த ஊழியர் ஜோசப் டோஷர் விடையளித்ததோடு, கடிதத்தைத் தம் ஊர்க்காரர் வில்லியம் டேட்டிடமும் கொடுத்தார். மரமில்லாத மணல்வெளி, சீரான காற்று, விருந்தினரை வரவேற்கும் மக்கள் என்று டேட் விரிவாக எழுதினார். முன்பின் அறியாத ஒருவர் எழுதிய அக்கடிதமே முடிவுக்கு வழிசெய்தது. புள்ளிவிவரம் ஊரைச் சுட்டிக்காட்டியது. ஊர்க்காரர் ஒருவரின் சொல் நம்பிக்கையைத் தந்தது. இடத் தேர்வின் வரலாற்றில் இவ்விரண்டும் பின்னரும் சேர்ந்தே வருவதைக் காணலாம்.

ஊர் ஒதுங்கியிருந்தது இன்னொரு நன்மை. வேடிக்கை பார்ப்போர் கூடமாட்டார்கள், நிருபர்கள் வரமாட்டார்கள். தவறு செய்பவனுக்குத் தனிமையும் ஒரு மெத்தைதான் என்பதைப் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பித்த எவரும் அறிவர். கிட்டி ஹாக்குக்குத் தெற்கே நான்கு மைல் தொலைவில் உள்ள கில் டெவில் குன்றருகே நூற்றுக்கணக்கான தடவை சறுக்கிப் பழகிய பின்னரே, 1903 டிசம்பர் 17-ஆம் நாள் எஞ்சின் பூட்டிய விமானத்தில் அவர்கள் எழுந்தனர்.

காற்று வேண்டியவர்கள் காற்றை வெறுத்த கதை

எஞ்சின் வந்ததும் தேவை தலைகீழாக மாறியது. மிதப்பதற்குக் காற்றை நம்பிய காலம் போய், காற்று இடையூறாகத் தோன்றும் காலம் வந்தது. 1904-இலும் 1905-இலும் டேட்டனுக்கு அருகே ஹப்மன் மேய்ச்சல் நிலத்தில் சகோதரர்கள் பறந்தார்கள். 84 ஏக்கர் பரப்புள்ள அந்நிலத்தில் வேலியும் மரங்களும் மாடுகளும் இருந்தன, காற்றோ போதாது. விமானத்தை முன்னோக்கி இழுத்து எறிவதற்கு உயர்ந்த கோபுரத்திலிருந்து பளுவை விழச்செய்யும் ஏற்பாடு ஒன்றை அவர்கள் அமைத்துக்கொண்டார்கள். வீடு பக்கம், செலவு குறைவு. இடத் தேர்வில் இத்தகைய சாதாரணக் காரணங்களின் பங்கைக் குறைத்து மதிப்பிடலாகாது.

1909-இன் தொடக்கத்தில் வில்பர் பிரான்சில் மூவருக்குப் பயிற்சியளிக்க வேண்டியிருந்தபோது, வடக்கே லெ மான் நகரின் குளிரை விட்டுத் தெற்கே பிரனீஸ் மலையடிவாரத்தில் உள்ள போ நகருக்கு வந்தார். இந்நகரின் புகழுக்குக் காரணம் விமானம் அன்று, நோயாளிகள். ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் டெய்லர் 1842-இல் எழுதிய நூலில் இவ்வூரின் அமைதியான காற்று நுரையீரல் நோயாளர்க்கு ஏற்றது என்று பாராட்டியிருந்தார். அதைப் படித்து ஆங்கிலேயர் கூட்டங் கூட்டமாகக் குளிர்காலத்தைக் கழிக்க அங்கே வந்தனர். இருமலோடு வந்தவர்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட அசைவற்ற காற்று, அறுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் விமான மாணவர்க்குப் பயன்பட்டது. கிட்டி ஹாக்கில் காற்று வீசுகிறது என்பதற்காகப் போன அதே மனிதர், போவில் காற்று வீசவில்லை என்பதற்காகப் போனார். இங்கிலாந்தின் மன்னர் ஏழாம் எட்வர்டும் ஸ்பெயினின் மன்னர் அல்போன்சோவும் அங்கு வந்து பார்த்துச் சென்றனர்.

அடுத்த ஆண்டு டேட்டனின் பனிக்காலம் முடியும்வரை காத்திருக்க மனமின்றி, வில்பர் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இடம் தேடினார். அலபாமாவின் மான்ட்காமரி நகருக்கு வெளியே பருத்தித் தோட்டம் ஒன்று அகப்பட்டது. 1910 மார்ச்சு மாதம் அங்கே பள்ளி தொடங்கி மே மாத இறுதியில் மூடப்பட்டது. இரண்டரை மாதமே இயங்கிய அப்பள்ளியின் நிலம் பின்னர் மாக்ஸ்வெல் விமானப்படைத் தளமாயிற்று. வசந்தம் எங்கே முந்தி வருகிறதோ அங்கே பள்ளியைக் கொண்டுசெல்வது என்னும் வழக்கத்துக்கு மான்ட்காமரி ஒரு தொடக்கம் எனலாம்.

மேட்டு நிலமும் பனி நிலமும்

பிரிட்டன் 1912-இல் தன் மத்திய விமானப் பள்ளியைச் சால்ஸ்பரி சமவெளிப் பகுதியில் அபேவன் என்னும் ஊருக்கு மேலே உள்ள மேட்டில் நிறுவியது. எல்லாத் திசைக் காற்றும் அந்த மேட்டில் மோதும். மோதிய காற்று சரிவுகளில் சுழலும். மெல்லிய கம்பும் துணியுமாக இருந்த அக்கால விமானங்களுக்கு அது கடினமான வீடு. பயிற்சி பெற்று முடித்தவர்க்கு அந்தக் கடுமை நன்மை செய்திருக்கலாம். முதல் வாரத்து மாணவனுக்கு அது நன்மையன்று. எனினும் பள்ளி அங்கேயே பல ஆண்டுகள் நடந்தது. ஒருமுறை கட்டடம் எழும்பிவிட்டால் காற்று மாறினாலும் கட்டடம் மாறுவதில்லை.

முதல் உலகப் போரில் விமானிகள் வாரக்கணக்கில் மாண்டுகொண்டிருந்தனர். அவர்களுக்கு ஈடாக வேறு விமானிகளை விரைந்து உருவாக்க வேண்டியிருந்தது. 1917-இல் பிரிட்டிஷ் விமானப் படை கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தின் போர்டன் முகாம், டெசரான்டோ முதலிய இடங்களில் பள்ளிகள் அமைத்தது. கோடை முடிந்து பனி நெருங்கியதும் அச்சம் பிறந்தது. உறையும் குளிரில் திறந்த விமானத்தில் மாணவனை எப்படி ஏற்றுவது? அமெரிக்காவோடு உடன்பாடு செய்துகொண்டு, அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் பள்ளிகளின் பெரும்பகுதி ஆளும் பொருளுமாக ரெயிலேறி டெக்சஸ் மாநிலத்து போர்ட் வொர்த் நகரின் சுற்றுப்புறத்துக்குப் போய்ச்சேர்ந்தது.

டெக்சஸ் வானம் தெளிந்திருந்தது, சாவு குறையவில்லை. நடனக் கலைஞராக அமெரிக்காவெங்கும் புகழ்பெற்றிருந்த வெர்னன் காசில், போர்முனையில் பறந்து உயிரோடு திரும்பியவர், 1918 பிப்ரவரியில் டெக்சஸின் பென்புரூக் களத்தில் பயிற்றுநராக இருக்கையில் மற்றொரு விமானத்தோடு மோதாமல் தப்ப முயன்று வீழ்ந்து இறந்தார். வானம் தெளிவாயிருந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுகிறார்கள். நெரிசல் என்பது தெளிந்த வானத்தின் நோய்.

இதற்கிடையில் கனடாவில் விட்டுச்சென்ற சிறு பிரிவு, சக்கரத்துக்குப் பதில் பனிச்சறுக்குக் கட்டைகளைப் பொருத்திக் குளிர்காலம் முழுவதும் பறந்துகொண்டிருந்தது. பனி, மாணவர்க்கு அஞ்சியபடி பகையாக இல்லை. குளிர்காற்று கனமானது, இறகைத் தாங்கும் வலிவு அதற்கு மிகுதி. உறைந்த பனிவெளி பரந்த களமாகவும் உதவியது. ஊரை விட்டு ஓடியவர்கள் கற்றதைவிட ஊரில் தங்கியவர்கள் கற்றது பெரிது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் அந்தப் படிப்பினை ஒரு பேரரசின் போர்த்திட்டத்துக்குக் கைகொடுத்தது.

அதே 1917-இல் இங்கிலாந்தின் கோஸ்போர்ட்டில் ராபர்ட் ஸ்மித் பாரி என்னும் அதிகாரி கற்பிக்கும் முறையையே மாற்றினார் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். அதுவரை ஆசிரியர்கள், இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே என்று மாணவனை ஆபத்திலிருந்து விலக்கினார்கள். ஸ்மித் பாரி மாணவனை வேண்டுமென்றே ஆபத்தான நிலைக்குள் கொண்டுபோய், அதிலிருந்து மீளும் வழியைக் கற்பித்தார். பிழை செய்யவிட்டுக் கற்பிக்கும் பள்ளிக்குப் பிழையைப் பொறுக்கும் நிலம் முன்னிலும் இன்றியமையாததாயிற்று. வேண்டிய உயரம், கீழே தடையற்ற வெளி, எஞ்சின் நின்றால் எங்கும் இறங்கத்தக்க தரை ஆகியவை வசதி என்னும் நிலையிலிருந்து பாடத்தின் பகுதி என்னும் நிலைக்கு உயர்ந்தன.

கோதுமை நாடு

இரண்டாம் உலகப் போர் 1939 செப்டம்பரில் மூண்டபோது, பிரிட்டனில் பயிற்சிக்கு ஏற்ற வானமில்லை. தீவு சிறிது, மேகமும் மூடுபனியும் மிகுதி, இருந்த தளங்கள் சண்டைப் படைகளுக்கே போதவில்லை. தனியே பறந்துகொண்டிருக்கும் பயிற்சி மாணவனைப் பகைவன் எளிதில் வீழ்த்தலாம். கனடாவோ பகை விமானங்களுக்கு எட்டாதது. அட்லாண்டிக் கடல்வழியில் பிரிட்டனுக்கு அருகில் உள்ளது. எஞ்சின் செய்யும் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு அண்டை வீடு.

இயற்கை இசைந்தாலும் அரசியல் எளிதில் இசையவில்லை. போருக்கு முன்னரே பிரிட்டன் தன் விமானப் பள்ளிகளைக் கனடாவில் நடத்த விரும்பியது. கனடாவின் பிரதமர் மெக்கன்சி கிங், தம் மண்ணில் வேறு நாட்டுப் படை தன் ஆணையில் பள்ளி நடத்துவதை ஏற்கவில்லை. பள்ளி யாருடைய நிலத்தில் என்பது மட்டுமல்ல, யாருடைய அதிகாரத்தில் என்பதும் அவருக்குக் கேள்வியாக இருந்தது. நீண்ட பேரத்துக்குப் பின், கனடிய விமானப் படையே திட்டத்தை நடத்தும் என்ற ஏற்பாட்டில், பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நான்கும் ஆட்டாவாவில் உடன்படிக்கை செய்துகொண்டன. கையெழுத்தான நாள் 1939 டிசம்பர் 17. அது கிங்கின் அறுபத்தைந்தாம் பிறந்தநாள். கிட்டி ஹாக்கில் விமானம் எழுந்து முப்பத்தாறு ஆண்டு நிறைந்த நாளும் அதுவே.

காமன்வெல்த் விமானப் பயிற்சித் திட்டம் என்று வழங்கிய இத்திட்டத்துக்குப் பள்ளிகளும் துணைக் களங்களுமாக வேண்டிய இடங்கள் இருநூறுக்கு மேல். அவற்றை மாதக்கணக்கில் கண்டுபிடித்தாக வேண்டும். கனடிய போக்குவரத்துத் துறையின் நில அளவையாளர்கள் நாடெங்கும் புறப்பட்டனர். தரை மட்டமாக இருக்கவேண்டும். ஆனால் மழைநீரும் உருகிய பனியும் தேங்கக்கூடாது. மலை, உயர்ந்த மரம், மின்கம்பி அருகில் ஆகாது. ஓடுபாதை போடக் கப்பியும் மணலும் பக்கத்தில் கிடைக்கவேண்டும். நூற்றுக்கணக்கானோர் குடிக்கவும் குளிக்கவும் நீர் வேண்டும். ரெயில், மின்சாரம், தொலைபேசி, ஓர் ஊர். முதன்மைத் தளத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு துணைக் களங்களும் அமையவேண்டும்; எல்லா மாணவர்களும் ஒரே தளத்தில் இறங்கிப் பழகினால் டெக்சஸில் நேர்ந்தது மறுபடி நேரும். பெரிய பள்ளிகளின் ஓடுபாதைகள் முக்கோண வடிவில் அமைந்தன. காற்று எத்திசையில் வீசினாலும் ஏதேனும் ஒரு பாதை அதற்கு ஏறக்குறைய நேராக இருக்கும்; பக்கக் காற்றில் இறங்கும் இடர்ப்பாடு தொடக்க மாணவனுக்குக் குறையும். அன்று அமைந்த முக்கோணங்களின் தழும்புகள் கனடியப் புல்வெளிகளில் வானிலிருந்து பார்ப்போருக்கு இன்றும் தெரிகின்றன.

வேலை விரைந்து நடந்ததற்கு ஒரு துயரமான காரணம் உண்டு. 1930-களின் வேலையில்லாக் கொடுமையில் கனடிய அரசு இளைஞர்களுக்கு நிவாரண முகாம்கள் அமைத்து, உணவும் இடமும் தந்து நாளொன்றுக்கு 20 காசு கூலியில் வேலை வாங்கியது. அம்முகாம்களில் இருந்தோர் வெட்டித் திருத்தியவற்றுள் நாட்டின் குறுக்கே செல்லும் விமானத் தடத்தின் இறங்கு களங்களும் சேரும். வயிற்றுப்பாட்டுக்காக மண்வெட்டி பிடித்தவர்களின் உழைப்பு போர் வந்தபோது பயிற்சித் தளங்களுக்கு அடித்தளமாயிற்று.

மானிடோபா, சஸ்காச்சவான், ஆல்பர்ட்டா ஆகிய புல்வெளி மாகாணங்களில் பள்ளிகள் அடுத்தடுத்து எழுந்தன. மேகம் குறைவு, வெளி மிகுதி. அம்மாகாணங்கள் அதற்கு முந்திய பத்தாண்டுகளில் மழை பொய்த்து, மண் புழுதியாய்ப் பறந்து, கோதுமைப் பயிர் கருகிக் கண்ணீர் வடித்தவை. உழவனுக்குச் சாபமாயிருந்த அதே வானம் விமானிக்கு வரமாயிற்று. சிற்றூர்களின் நகர மன்றங்கள் பள்ளி தங்கள் ஊருக்கே வரவேண்டுமென்று அரசுக்கு மனுக்கள் அனுப்பின. பள்ளி வந்தால் தச்சனுக்கு வேலை, கடைக்காரனுக்கு வியாபாரம், உழவனின் முட்டைக்கும் பாலுக்கும் விலை. எல்லா மாகாணங்களுக்கும் பங்கு கிடைக்கவேண்டும் என்ற அரசியல் கணக்கும் உடன்வந்தது. கடலுக்கு மேல் பறந்து பழக வேண்டியவர்கள் கீழ்க்கரையில் பிரின்ஸ் எட்வர்டு தீவுக்கு அனுப்பப்பட்டார்கள். மேற்கே மலைகள் நிறைந்த பிரிட்டிஷ் கொலம்பியாவில் பள்ளிகள் சிலவே.

அளவையாளர்களின் கணக்கும் பிழைத்ததுண்டு. ஆல்பர்ட்டாவின் தென்பகுதியில் லெத்பிரிட்ஜ் என்னும் நகரம். அங்கே 1940 ஜூலையில் ஐந்தாம் எண் தொடக்கப் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. வெயிலுக்குக் குறைவில்லை, நிலமும் மட்டம், ஏற்கெனவே விமான நிலையமும் இருந்தது. ஆனால் ராக்கி மலையிலிருந்து இறங்கி வரும் காற்று அவ்வூரைச் சும்மா விடுவதில்லை. மாணவர்கள் ஓட்டிய டைகர் மாத், இரட்டை இறகுள்ள எடை குறைந்த விமானம். இறங்கும்போது பலமான காற்று அதைக் கவிழ்த்துவிடும். தரையில் நிற்கும்போதுகூடப் புரட்டிவிடும். ஓராண்டு பொறுத்துப் பார்த்துவிட்டு, 1941-இல் பள்ளியை வடக்கே ஹை ரிவர் என்னும் ஊருக்கு மாற்றினார்கள். லெத்பிரிட்ஜ் தளம் வீணாகவில்லை. கனமான விமானங்களைப் பயன்படுத்தும் குண்டுவீச்சு, துப்பாக்கிப் பள்ளி ஒன்று அங்கே வந்தது. ஒரே ஊர், ஒரே காற்று. முதல் வகுப்பு மாணவனுக்கு ஆகாத இடம் மேல் வகுப்பு மாணவனுக்கு ஆயிற்று. நல்ல இடம் என்று பொதுப்படச் சொல்வதில் பொருளில்லை, யாருக்கு நல்லது என்று கேட்கவேண்டும் என்பதை இந்த ஒரு நிகழ்ச்சி காட்டிவிடுகிறது.

பனிக்காலத்தை 1917-இல் போல அஞ்சி ஓடவில்லை. கனடாவில் செய்த டைகர் மாத் விமானங்களுக்கு மூடிய கண்ணாடிக் கூண்டும், உள்ளே வெப்பமூட்டும் வசதியும், வேண்டும்போது சறுக்குக் கட்டைகளும் பொருத்தினார்கள். நிலத்தை மாற்ற முடியாதபோது விமானத்தை நிலத்துக்கு ஏற்ப மாற்றினார்கள்.

போர் முடிவதற்குள் இத்திட்டத்தில் பயின்று வெளிவந்த விமானப் பணியாளர் 131,553 பேர். அவர்களுள் விமானிகள் ஏறத்தாழ 50,000 பேர். ஏனையோர் வழிகாட்டுநர், வானொலி இயக்குநர், குண்டு வீசுநர், துப்பாக்கி வீரர். பள்ளிகளுக்கு ஆசிரியர் பஞ்சமும் இருந்தது. நன்கு தேறிய மாணவர் பலரைப் போர்முனைக்கு அனுப்பாமல் ஆசிரியராகவே நிறுத்திக்கொண்டார்கள். நண்பர்கள் கப்பலேறிப் போக, தாங்கள் மட்டும் புல்வெளிக்கு மேலே நாள்தோறும் அதே வட்டம் சுற்றவேண்டியிருந்ததை அவர்கள் தண்டனையாகவே எண்ணினார்கள். ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கு இம்மனநிலை விளங்காததன்று. விமான ஆசிரியர்க்கெனத் தனிப் பள்ளி வேண்டும் என்பதைப் பிற்காலத்தில் நாடுகள் பலவும் உணர்ந்தன. இந்திய விமானப் படையின் பயிற்றுநர் பள்ளி 1954 முதல் சென்னையை அடுத்த தாம்பரத்தில் நடந்துவருவது தமிழருக்குத் தெரிந்த எடுத்துக்காட்டு.

பொறுத்த நிலம் கற்பிக்காதது

கனடியப் புல்வெளி மாணவனிடம் மிகவும் இரக்கம் காட்டியது. நில அளவைக் காலத்திலேயே அந்நிலம் ஒரு மைல் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. சாலைகள் வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் கோடு கிழித்தாற்போல் ஓடின. திசை தெரியாதவன் கீழே குனிந்து பார்த்தால் போதும். வழி தவறியவன் ரெயில் பாதையைத் தொடர்ந்து போனால் ஓர் ஊர் வரும். ஊரில் உயர்ந்த தானியக் களஞ்சியம் நிற்கும். அதன் சுவரில் ஊர்ப் பெயர் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். தாழப் பறந்து அதைப் படித்துவிட்டு வீடு திரும்பலாம். இரவிலோ விளக்குகள் எங்கும் மின்னின.

அந்த மாணவன் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தான். அங்கே சாலைகள் வளைந்து நெளிந்து கிடந்தன. ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தன. ரெயில் பாதைகள் பத்துத் திசையில் பின்னிக் கிடந்தன. வான் எங்கும் மேகமும் தொழிற்சாலைப் புகையும். இரவில் போர்க்கால ஆணைப்படி நாடு முழுவதும் இருட்டு. சிறகு பெற்றுச் சான்றிதழும் பெற்றவன் தன் தளத்தைக் கண்டுபிடிக்கத் திணறினான். கனடாவிலும் ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் தேறி வந்தவர்களைப் பிரிட்டிஷ் வானத்துக்குப் பழக்குவதற்கென்றே மேல்நிலைப் பறப்புப் பிரிவுகளை விமானப் படை அமைக்கவேண்டி வந்தது. நல்ல நிலத்தில் படித்து வந்தவனுக்குப் பொல்லாத நிலத்தில் மறுபடியும் ஒரு பள்ளி.

இதைக் கொண்டு கனடாவைத் தேர்ந்தெடுத்தது தவறு என்று வாதிடலாமா? முடியாது. தொடக்கத்திலேயே இங்கிலாந்தின் மேகத்தில் பழக்கியிருந்தால் தேறியிருக்கக்கூடியவர்களின் தொகை சுருங்கியிருக்கும். மாண்டவர்களின் தொகை பெருகியிருக்கும். இரக்கமுள்ள புல்வெளியிலும் மாணவர் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். கடல் கடந்து வந்த இங்கிலாந்து, ஆஸ்திரேலிய, நியூசிலாந்து இளைஞர்களின் பெயர்கள் கனடியச் சிற்றூர்க் கல்லறைகளில் இருக்கின்றன. ஆனால் எளிய நிலம் கொடுக்கும் சான்றிதழ் அந்நிலத்துக்கு மட்டும் உரியது என்பதைத் திட்டமிட்டவர்கள் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தார்கள்.

தென் ரொடீஷியாவில் 1940 மே மாதம் முதல் நடந்த பள்ளிகளில் வேறொரு பாடம் கிடைத்தது. சாலிஸ்பரி நகரம், இன்றைய ஹராரே, கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 4,900 அடி மேலே உள்ளது. உயரத்தில் காற்று மெலிது. வெப்பம் சேர்ந்தால் இன்னும் மெலிது. எஞ்சினின் வலிவு குறையும். விமானம் எழும்ப நீண்ட ஓட்டம் வேண்டும். அங்கு கற்றவன் தரையின் நீளத்தை எப்போதும் மனத்தில் வைத்திருக்கக் கற்றான்.

இடமில்லாத் தீவு

சிங்கப்பூரில் 1928-இல் தொடங்கிய விமானச் சங்கத்தின் உறுப்பினர்கள், மிதவைகள் பொருத்திய மாத் விமானங்களைக் கடல் நீரிலிருந்தே ஓட்டிப் பழகினார்கள். வானத்துக்குப் படித்துறை இல்லையென்ற குறையை அவர்கள் உண்மையான நீர்த்துறையைக் கொண்டு தீர்த்துக்கொண்டது போலும்! காலாங் விமான நிலையம் 1937-இல்தான் திறக்கப்பட்டது.

சிறு விமானங்களின் காலத்தில் பெரிதாகத் தோன்றாத இடக்குறை, தனி நாடு தன் படையை அமைத்தபோது முன்வந்து நின்றது. 1968-இல் சிங்கப்பூர் வான் தற்காப்புத் தளபத்தியம் நிறுவப்பட்டது. 1969-இல் செஸ்னா 172 ரகச் சிறு விமானங்களைக் கொண்டு விமானிப் பயிற்சி தொடங்கியது. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஜெட் விமானம், கிழக்கு மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் அகலமுள்ள தீவை நான்கு நிமிடத்துக்குள் கடந்துவிடும். மாணவன் ஒருமுறை வட்டமிடத் தொடங்கி முடிப்பதற்குள் அண்டை நாட்டு எல்லை வந்துவிடும். எஞ்சிய வானத்தைப் பயணி விமானங்கள் நிறைத்துவிட்டன. கீழே வீடுகள். அதோடு ஆண்டில் 160-க்கும் மேற்பட்ட நாட்களில் இடி முழக்கம். காலையில் தெளிந்திருக்கும் வானம் பிற்பகலில் கறுத்துவிடும். நிலம், பொழுது இரண்டுமே கை கொடுக்கவில்லை.

மலேசியாவின் நிலை வேறு. 1958-இல் பிறந்த அதன் விமானப் படை, கெடாவில் அலோர் ஸ்டாரில் விமானிகளைப் பயிற்றுவித்தது. சுற்றிலும் நெல்வயல், பரந்த சமவெளி, வடமேற்கில் மழை குறைந்த மாதங்களும் உண்டு. குடிமக்களுக்கான விமானப் பள்ளி ஒன்று 1980-களில் மலாக்காவின் பத்து பெரெண்டாமில் அமைந்தது. தீவின் நெருக்கடி அங்கெல்லாம் இல்லை.

சிங்கப்பூர் நிலத்தைக் கடல் கடந்து தேடியது. 1993 முதல் அதன் விமானப் படை மாணவர்கள் மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்கு வடக்கே உள்ள பியர்ஸ் தளத்தில் சிறகுப் பயிற்சி பெறத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் லூக் தளம், 1998 முதல் பிரான்சின் தென்மேற்கில் கசோ தளம் என்று பள்ளிகள் பெருகின. கசோ, வில்பர் ரைட் பாடம் சொன்ன போ நகரிலிருந்து விமானத்துக்கு அரை மணி நேரமும் ஆகாத தொலைவு. 1939-இல் கனடியப் பிரதமர் எழுப்பிய கேள்வி இங்கே மறுபக்கமாக எழுகிறது: பிறர் மண்ணில் பள்ளி நடத்துபவன் அவர்களின் ஒப்புதலை நம்பியே இருக்கவேண்டும். அதற்கு உடன்படிக்கையும் பணமும் நட்பும் வேண்டும். அவை மூன்றும் மணலையும் காற்றையும் போலவே இடத் தேர்வில் இப்போது கணக்கிடப்படுகின்றன.

பியர்ஸ் தளத்துக்கு வடக்கே கிஞ்சின் என்னும் இடத்தில் துணைக் களம் ஒன்று உண்டு. கனடிய அளவையாளர்கள் கேட்டதைப் போலவே. வறண்ட காற்றில் அங்கே பழகி முடித்தவர்கள், கறுத்த பிற்பகல் மேகங்களையும் நெருங்கிய வான்தடங்களையும் பழக வீடு திரும்பவேண்டியிருக்கிறது. பியர்ஸ் ஓடுபாதையில் சக்கரம் தொடும் மாணவனுக்கும் அவன் காக்கவேண்டிய தீவுக்கும் இடையே ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர்.